புள்ளிமானின் மஞ்சள் பால்

காட்டுக் குட்டை வற்றிச் சேறாகிக் கிடந்தது. காடெங்கும் காய்ச்சல். மூன்று மான்குட்டிகள் செத்தே போய்விட்டன. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு புள்ளிமான் தன் தலைப்பிள்ளையை ஈன்றது.

குட்டியை நக்கித் துடைத்தது. படுத்தது, எழுந்தது, சுற்றிச் சுற்றி வந்தது. "கடவுளே, அந்தக் காய்ச்சல் என் பிள்ளையைத் தொடாமல் இருக்கணுமே" என்று தவித்தது.

ஒரு நரி எட்டவே நின்று பேசியது.

"பயப்படாதே அக்கா, எனக்கு வயிறு நிறைந்திருக்கிறது. உன் மடியைப் பார்த்துத்தான் மனசு கேட்கவில்லை."

"என் மடிக்கு என்ன?"

"பால் மஞ்சளாக, பிசுபிசுவென்று வடிகிறதே. போன மழையில் உனக்கு வந்த காய்ச்சலின் விஷம் அது. எல்லாம் வழிந்து போகட்டும். நாளைக்கு வெள்ளைப் பால் வந்ததும் கொடு."

மானுக்குத் திக்கென்றது. குட்டி தள்ளாடி வந்து மடியை முட்டியது. மான் விலகியது. மறுபடி முட்டியது. மறுபடி விலகியது. வெயில் ஏற ஏறக் குட்டியின் குரல் கம்மிப் போனது. பால் மட்டும் பாறைமேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

எட்டுக் குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றி அந்தப் பக்கம் வந்தது.

"ஏன்டி புள்ளி, பிள்ளையைக் கத்தவிட்டு என்ன நடை?"

மான் நரி சொன்னதைச் சொன்னது.

"நல்லா இருக்கு கதை! என் எட்டும் அந்த மஞ்சளைக் குடிச்சுத்தான் சேத்துல புரளுது. போன மழையில காய்ச்சலோட மல்லுக்கட்டி ஜெயிச்சியே, அப்போ உன் உடம்பு கத்துக்கிட்டதெல்லாம் அந்தப் பாலில்தான் இருக்கு. குட்டி வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் நீ அதுக்குச் சுவர். இனிமே அந்தப் பால்தான் சுவர். இன்னைக்கே குடிக்கணும், நாளைக்குன்னா பிந்திப்போகும்."

மானுக்குக் குழப்பம். நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கிற பன்றியை நம்புவதா, நயமாகப் பேசுகிற நரியை நம்புவதா?

அப்போது பின்னால் சளக் சளக்கென்று சத்தம். திரும்பிப் பார்த்தது. பாறைமேல் வடிந்த மஞ்சள் பாலை, கண்ணை மூடிக்கொண்டு நரி நக்கிக்கொண்டிருந்தது.

"விஷம் என்றாயே?" என்றது மான்.

நரி நாக்கை உள்ளே இழுத்தது. "பாறை அழுக்காகிவிட்டதே என்று..."

பன்றிக்குட்டிகள் எட்டும் கெக்கலித்தன. மான் ஓடிப்போய்க் குட்டியின் முன்னால் மடியைக் காட்டியது. கடைவாயில் நுரை வழிய, குட்டி விடாமல் குடித்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் வரத்தான் செய்தது. குட்டியின் காது கொதித்தது. மான் ஒரு புல்லும் கடிக்காமல் அதையே சுற்றி வந்தது. புதருக்குள் நரி காத்திருந்தது.

மறுநாள் காலை குட்டி எழுந்து, உடம்பை உதறிவிட்டு, நேராக மடியை முட்டியது.

நரி சத்தமில்லாமல் நடையைக் கட்டியது.

பிள்ளைக்கென்று இறைவன் தாயின் உடம்பிலேயே வைத்த காவலை, இனிக்கப் பேசுகிறவர்களின் சொல் கேட்டுத் தாயே தட்டிவிடக் கூடாது.