கல்வட்டமும் காட்டுத்தீயும்

குழந்தைகளே, உங்களை நடுங்க வைக்கும் ஒன்றை எப்போதாவது அருகில் சென்று பார்த்திருக்கிறீர்களா?

ஒரு காட்டில், புல்வெளியின் நடுவே, மிகப் பழைய கல்வட்டம் ஒன்று இருந்தது. பெரும் பாறைகள் வளையமாக நின்றன. உள்ளே புல் முளைப்பதில்லை. கூழாங்கற்களே பரவிக் கிடந்தன. அந்தப் பாறைகள் யாவும் ஒரு காலத்தில் விலங்குகளாம். வட்டத்துக்குள் கால் வைத்ததால் கல்லாயினவாம். கரடி அப்படித்தான் சொல்லும். ஆகவே எல்லா விலங்குகளும் தலை குனிந்தபடி அதை விட்டு விலகிச் சுற்றிப் போயின.

ஒரு கோடையில் காட்டுத்தீ மூண்டது. காற்று அதை நாற்புறமும் பரப்பியது. தாய் முயல் ஒன்றும் அதன் குட்டிகளும், சில மான்களும், கரடியும் ஓடி ஓடிக் கல்வட்டத்தின் அருகே சிக்கிக்கொண்டன.

முயல் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தது. "அங்கே எரிவதற்கு ஒன்றுமில்லை. உள்ளே போய்விடலாம்" என்றது.

"அறிவு கெட்டவளே! கல்லாகிவிடுவாய்!" என்று கரடி உறுமியது.

"அதைக் கண்டவர் யார், கரடியாரே?"

"என் பாட்டனாருக்கு அவருடைய பாட்டனார் சொன்னார்."

"அவர் உள்ளே போய்ப் பார்த்தாரா?"

"பார்த்திருந்தால் கல்லாகியிருப்பாரே!"

"அதுதானே!" என்று மான்கள் தலையசைத்துப் பின்வாங்கின.

தீ புல்வெளியைத் தொட்டுவிட்டது. இனி வாதாட நேரமில்லை என்று முயல் உணர்ந்தது.

"சரி ஐயா, நீங்கள் சொல்வதே உண்மையாக இருக்கட்டும். உள்ளே போனால் கல்லாவோம். வெளியே நின்றால் சாம்பலாவோம். கல்லை நெருப்பு எரிக்குமா?"

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "எரிக்காது" என்றது ஒரு கிழமான்.

"அப்படியானால் நான் கல்லாகவே போகிறேன்!" என்று முயல் தன் குட்டிகளை முன்னே தள்ளி, உள்ளே குதித்தது. மான்களும் பின்தொடர்ந்தன.

கரடி மட்டும் அசையவில்லை. முதுகு மயிர் கருகத் தொடங்கியதும், ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து விழுந்தது.

"கரடியாரே, கல்லாகிவிடுவீரே!" என்றது கிழமான்.

"வாயை மூடு! கொஞ்சம் தள்ளி நில்!"

தீ பாறைகளைச் சுற்றி எரிந்து, உள்ளே பற்றுவதற்கு ஏதுமின்றித் தணிந்தது.

ஒரு குட்டி கண்ணைத் திறக்காமலே கேட்டது: "அம்மா, நான் கல்லாகிவிட்டேனா?"

"பசிக்கிறதா?"

"ரொம்பப் பசிக்கிறது."

"அப்படியானால் இல்லை, கண்ணே."

நீதி: ஆராயாமல் அஞ்சுபவர், அடைக்கலம் தரும் இடத்தையும் ஆபத்தென்றே எண்ணி விலகுவர். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், குழந்தைகளே. உங்கள் அச்சங்களில் ஒன்றையேனும் இன்றே, விளக்கேற்றும் பொழுதுக்குள், ஆராய்ந்து பாருங்கள்!