கேலக்ஸிக்குப் போட்ட மாலை

பூந்தாழை விண்நோக்கர் மன்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூளையைத் தேடினால் ஒன்று தேறுவதே சந்தேகம்.

தலைவர் சிங்காரவடிவேல். முன்னாள் தலைவரான அவருடைய மச்சான் வைரக்கண்ணு, நிலாவைப் படம் பிடித்து மன்றத்துச் சுவரில் மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைவிடப் பெரிதாக எதையாவது மாட்டாவிட்டால் பதவி மச்சானுக்கே போய்விடும். சிங்காரவடிவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

நடுவே கொதித்து ஒளி கக்கும் ஒரு கேலக்ஸியைப் பிடிப்பது என்று தீர்மானித்தார். வெளியூர்ப் பேராசிரியர் போனில் வழி சொன்னார்.

“அமாவாசைக்கு எடுங்க. முதல்ல டெலஸ்கோப்பை மூடி ஒரு படம். அதுல விழுறதெல்லாம் கேமராக் கோளாறு. அடுத்து கேலக்ஸி. முதல் படத்துல இருக்கறதை ரெண்டாவதுலேருந்து நீக்கிடுங்க.”

சனிக்கிழமை அமாவாசை. சிங்காரவடிவேலும் உறுப்பினர் மாசிலாமணியும் கொல்லையில் டெலஸ்கோப்பை நிறுத்தி இரண்டு படமும் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டார்கள்.

“முதல் படத்துல என்னய்யா இருக்கு?”

“கறுப்பு, தலைவரே.”

“அப்ப கறுப்புதான் கோளாறு. நீக்கு.”

மாசிலாமணி கத்தரிக்கோலால் கறுப்பையெல்லாம் வெட்டி எறிந்தார். கடுகளவு வெள்ளை மிஞ்சியது. கதவளவு சட்டத்தின் நடுவே அதை ஒட்டினார்கள்.

“இந்த வெளிச்சம் கிளம்பி ஆறு கோடி வருஷமாச்சாம் தலைவரே. இப்ப அந்த கேலக்ஸி இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்னார் புரொபசர்.”

“இத்தனை வருஷமா யாரும் போய் விசாரிக்கலையா?”

“உறவுக்காரங்க இல்லபோல.”

“அடப்பாவமே. மாலை வாங்கிட்டு வா.”

ஞாயிறு சாயங்காலம் வைரக்கண்ணு வந்தார். சட்டத்தில் மாலை மட்டுமே தெரிந்தது. கீழே விளக்கு எரிந்தது.

“யாரு மச்சான் போனது?”

“கேலக்ஸி.”

வைரக்கண்ணு வெளியே போய் வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் செத்துத் திரும்பினார்.

“என் நிலாவையும் காணோம் மச்சான். நேத்தும் வரலை. அதுக்கும் ஒரு மாலை சொல்லிடுங்க.”

சிங்காரவடிவேல் அவரைக் கட்டிக்கொண்டார்.

“மனசைத் தேத்திக்க. ஒரே சுவத்துல ரெண்டு சாவு. ஒரு வருஷத்துக்கு இங்க நல்ல காரியம் கூடாது. பதவியேற்பும் நல்ல காரியந்தான்.”

வைரக்கண்ணு தேம்பிக்கொண்டே தலையாட்டினார். அன்றைக்குச் சிங்காரவடிவேல் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வைரக்கண்ணு அலறிக்கொண்டு ஓடிவந்தார். மேற்கே பிறை.

“மச்சான், போனது திரும்பி வந்திருக்கு!”

சிங்காரவடிவேல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உடம்பெல்லாம் போய் வெறும் விலா எலும்பாக நின்றது. படாரென்று ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் கத்தினார்.

“மாசிலாமணி! டெலஸ்கோப்பை மூடுய்யா! அது வழியா கிட்ட வந்துடப்போகுது!”