காட்டெருமையின் வயிற்றில் குடியிருந்தவர்கள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் ஒரு காட்டெருமை இருந்தது, குழந்தைகளே. உடம்பு மலையளவு, மனசோ கடுகளவு. தான் மேயும் இடத்தில் முயல் வாய் வைத்தால்கூட அதற்குப் பொறுக்காது. கூடப் பிறந்த கூட்டத்தையே முட்டி விரட்டிவிட்டுத் தனியாக மேய்ந்தது.

ஒருநாள் அது மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தபோது கழுதைப்புலி வந்தது. அதற்குப் பல நாள் பட்டினி. உயிரோடிருக்கும் எருமையைத் தாக்கத் தைரியம் இல்லை. ஆனால் எருமையின் குணம் அதற்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, நீங்கள் மேயும் புல்லை உங்கள் வயிற்றுக்குள்ளேயே சிலர் திருடித் தின்கிறார்களே, தெரியாதா?" என்றது.

எருமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்கிடம் இது உண்மையா என்று கேட்டது.

கொக்கு பொய் சொல்லவில்லை. வயிற்றில் பாக்டீரியாக்கள் குடியிருப்பது உண்மைதான் என்றது. கண்ணில் படாத அளவு சிறியவை. ஊசிமுனையில் ஆயிரம் உட்காரலாம். வாயும் இல்லை, பல்லும் இல்லை, உடம்பாலேயே உணவை உறிஞ்சும். ஒன்று வளர்ந்து இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும்.

"ஆனால் புல்லின் நாரைக் கரைப்பது அவைதான். கரைத்து அவை தருவதுதான் உனக்குச் சத்து. அவை இல்லாவிட்டால் நீயும் இல்லை" என்றது கொக்கு.

எருமையின் காதில் ஒன்று இரண்டாகும் என்பது மட்டுமே விழுந்தது. இப்படியே பெருகினால் தனக்கு என்ன மிஞ்சும் என்று பதறியது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயைப் போலக் கழுதைப்புலி கண் கலங்கியது. ஒரு கசப்பு மரத்தைக் காட்டி, மூன்று நாள் இதன் பட்டையைத் தின்றால் அத்தனையும் ஒழியும் என்றது.

எருமை தின்றது. பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

நான்காம் நாள் எருமை வயிறு முட்ட மேய்ந்துவிட்டு, அசைபோட இரையை வாய்க்குக் கொண்டுவந்தது. போன புல் போனபடியே வந்தது. மறுநாளும் அப்படித்தான். வயிறு கல்லாகக் கனத்தது, நாளாக நாளாக விலா எலும்புகள் துருத்தின.

"உன் கூட்டத்தில் யாராவது அசைபோடும் இரையில் ஒரு வாய் வாங்கித் தின். அதோடு பாக்டீரியாவும் வந்துவிடும்" என்று கொக்கு கெஞ்சியது.

கூட்டமோ மலைக்கு அப்பால் இருந்தது. எருமை எழப் பார்த்தது. கால் ஊன்றவில்லை.

"ஒரு வாய்ப் புல்கூட வீணாகக் கூடாது என்றுதானே செய்தேன்" என்றது. அதுதான் அதன் கடைசிப் பேச்சு. பாவம், வயிறு நிறையப் புல்லை வைத்துக்கொண்டு பசியால் செத்தது.

கழுதைப்புலி தின்ற வரைக்கும் தின்றுவிட்டுப் போனது. மிச்சத்தை மண்ணிலிருந்த பாக்டீரியாக்கள் கரைத்து உரமாக்கின. அடுத்த மழையில் அங்கே பசும்புல் முளைத்தது. மலைக்கு அப்பாலிருந்து திரும்பி வந்த கூட்டம் அதை மேய்ந்தது.

நீதி: கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பவரை விரட்டுகிறவன், வயிறு நிறைந்தும் பட்டினி கிடப்பான்.