தயிர்ப் பானைக்குள் போன கை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சொன்னவன் பிழைப்பு போய்விடும் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், அரசரைச் சிரிக்க வைப்பது என் வேலையாக இருந்தது. என் பெயர் தொந்திநம்பி. பெயரின் முன்பாதி முழுக்க என் சொந்த உழைப்பில் வந்தது.

ஒருநாள் அரசர் முகம் வாடியிருந்தது. அவரைச் சிரிக்க வைக்கச் சபை நடுவில் ஒரு குட்டிக்கரணம் போட்டேன். கரணம் நன்றாகத்தான் விழுந்தது. கூடவே என் இடுப்பில் செருகியிருந்த பாக்குவெட்டியும் விழுந்தது. அது வழவழப்பான தரையில் சறுக்கிக்கொண்டே போய் அரசரின் கால் கட்டைவிரலைத் தொட்டு நின்றது. அரசர் சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"இரும்பு," என்றார். "என் கோட்டைக்குள் இரும்பு."

"பாக்குவெட்டி, மன்னா."

"இன்று பாக்குவெட்டி. நாளை?" என்று முன்னால் வந்தார் கோட்டைத் தலைவர் சிங்கராயர். அவர் பல போர்களில் காயம்பட்டு வாங்கிய இருக்கைக்குப் பக்கத்து இருக்கையை நான் நாலு வேடிக்கைப் பேச்சில் வாங்கிவிட்டேன். அந்த வருத்தம் அவருக்கு ஆறவே இல்லை.

அன்றே உத்தரவு பிறந்தது. கோட்டைக்குள் வருகிறவர்களில் சந்தேகத்துக்கு இடமானவர்களை நிறுத்திச் சோதிக்க வேண்டும். அப்போது நாட்டில் கொள்ளையர் பயம் இருந்தது உண்மை. சோதனையே வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அதே பாக்குவெட்டியோடு நான் தினமும் மேல வாசல் வழியாகப் போய் வந்தேன். காவலர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் கீழ வாசலில் வருகிற எளிய ஜனங்கள்.

இது எனக்குத் தெரிய நாற்பது நாள் ஆயிற்று. தெரிந்ததும் என் நல்ல மனத்தால் அல்ல, வயிற்றால். கோட்டைக்கு வெளியே மாடு வளர்க்கும் பொன்னாத்தாதான் என் வீட்டுக்குத் தயிர் ஊற்றுவாள். அந்தத் தயிர் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே வந்தது. சண்டை போடலாம் என்று ஒரு காலையில் கீழ வாசலுக்கே போனேன். அங்கே சாத்தன் என்ற காவலன் அவள் பானையைத் திறந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"பொன்னாத்தா, உன் தயிருக்கு என்ன ஆயிற்று?"

"என் தயிருக்கு ஒண்ணும் ஆகல சாமி. வெட்டி எடுக்கற மாதிரிதான் உறையுது. இவரு கத்தி தேடறேன்னு தினம் கைய விடறாரு. வாசலத் தாண்டறப்ப மோராயிடுது. பாதி வீட்ல வேணாம்னுட்டாங்க. இன்னும் பத்து நாள் இப்படிப் போனா, மாட்ட ஓட்டிக்கிட்டு வேற ஊரு பாக்க வேண்டியதுதான்." பானையை மூடிக்கொண்டே சொன்னாள்: "எவனோ ஒரு கிறுக்கன் இரும்பக் கட்டிக்கிட்டுச் சபையில குதிச்சானாம். அவன் நல்லா இருக்கட்டும்."

நான் துண்டை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டேன்.

"சாத்தா, எதைப் பார்த்து இவளை நிறுத்துகிறாய்?"

"மேலிடத்து உத்தரவுங்க," என்று அவன் வானத்தைப் பார்த்தான்.

சிங்கராயரைக் கேட்டேன். "அனுபவம்," என்றார். அமைச்சரைக் கேட்டேன். "அரச ரகசியம்," என்றார். தங்களுக்கே தெரியாத ஒன்றை எனக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறார்களே என்று வியந்துகொண்டு, மறுநாள் சபையிலேயே கேட்டுவிட்டேன்.

சிங்கராயர் புன்னகைத்தார். "குற்றமற்றவர்களுக்குச் சோதனையால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பெண் மூடிய பானை கொண்டுவருகிறாள். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? மூடிய பானை. அதுவே காரணம்."

"நல்ல காரணம்," என்றார் அரசர்.

"விகடகவியார் இன்னும் நன்றாகச் செய்வார் போலிருக்கிறது, அரசே. நாளை ஒருநாள் கீழ வாசலை அவரிடமே ஒப்படைக்கலாமே," என்றார் சிங்கராயர்.

அரசருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. கம்பீரமாகக் கை நீட்டிச் சொன்னார்: "தொந்திநம்பி, நாளை வாசல் உம் பொறுப்பு. காரணம் இருந்தால் யாரையும் விடக் கூடாது. காரணம் இல்லாமல் யாரையும் தொடக் கூடாது. ஓர் ஆயுதம் உள்ளே வந்தாலும் உம் தலை போகும். ஒரே ஒருவர் குறை சொன்னாலும் போகும்."

அன்றிரவு என் தலையை நான் நன்றாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கடைசி மரியாதை.

விடிந்ததும் வாசலுக்குப் போய்ச் சாத்தனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "யார் மேல் கை வைத்தாலும், காரணத்தை அவர் முகத்துக்கு நேரே உரக்கச் சொல்லிவிட்டு வை. சொல்ல வராவிட்டால் வைக்காதே."

முதலில் அரண்மனைப் பண்ணையின் தயிர்ப் பானை முத்திரையோடு வந்தது. சாத்தன் கும்பிட்டு வழிவிட்டான். அடுத்து பொன்னாத்தா வந்தாள்.

"மூடின பானை," என்று சாத்தன் உரக்கச் சொன்னான்.

"முன்னாடி போச்சே, அது என்ன கூடையா?" என்றாள் பொன்னாத்தா.

சாத்தன் என்னைப் பார்த்தான். நான் அரண்மனைப் பானையைத் திரும்ப வரச் சொன்னேன். "கையை விடு."

"ஐயா, அது அரசர் சாப்பிடற தயிருங்க."

"காரணம் இருந்தால் யாரையும் விடக் கூடாது என்றவரும் அந்த அரசர்தான். விடு."

சாத்தன் கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரை விட்டான். தயிர் உடைந்தது. பிறகு ஈரக் கையோடு பொன்னாத்தாவின் பானைக்குத் திரும்பினான்.

"இருங்க," என்றாள் அவள். காவல் கொட்டகைக் கூரையில் செருகியிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கழுவிக் கொடுத்தாள். "கத்தி இருக்கான்னு பாக்கக் கை எதுக்கு? இத நாலு இடத்துல விட்டுப் பாருங்க. இரும்பு இருந்தா தட்டும். தயிரும் ஒடையாது."

ஈர்க்குச்சி போய் வந்தது. தயிர் அசையவில்லை.

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?" என்றான் சாத்தன்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

பொழுது ஏறியது. மூடிய பல்லக்கில் அமைச்சர் வந்தார். காரணம் சொல்லப்பட்டது, திரை விலக்கப்பட்டது. அமைச்சர் உறுமினார். பிறகு ஒரு வைக்கோல் வண்டி வந்தது. மூடி கிடையாது, முத்திரை கிடையாது. "சிங்கராயர் வீட்டு மாட்டுக்கு," என்றான் வண்டிக்காரன், நல்ல சால்வை போர்த்தியவன். நான் வழிவிடக் கை காட்டிவிட்டேன். அதை மறைக்க மாட்டேன்; நான் அப்படிப்பட்ட காவலன்.

சாத்தன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டான். வண்டிக்காரன் முகத்துக்கு நேரே சொன்னான்: "பதினேழு வருஷமா இந்த வாசல்ல நிக்கறேன். வைக்கோல் வண்டிக்குச் சக்கரம் இவ்ளோ ஆழமா அழுந்தாது."

வண்டிக்காரன் குதித்து ஓடினான். வைக்கோலுக்கு அடியில் முப்பது வாள்கள் இருந்தன. சிங்கராயருக்கு அவனைத் தெரியவே தெரியாது என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. அவர் பெயரைச் சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பது மட்டும் கொள்ளையருக்குத் தெரிந்திருந்தது. அன்று உள்ளே போயிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. நான் சாத்தனைக் கட்டிக்கொண்டேன். என் தொந்தி இடம் கொடுத்த அளவுக்கு.

மதியம் சபையிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் அரசர் கையில் ஒரு கிண்ணம்.

"என் தயிரில் யார் கை வைத்தது?"

"காரணம் சொல்லிவிட்டுத்தான், மன்னா. மூடிய பானை. நல்ல காரணம் என்று தாங்களே அருளினீர்கள்."

"அரசே," என்று சிங்கராயர் துள்ளி எழுந்தார், "குறை வந்துவிட்டது. தாங்களே குறை சொல்லிவிட்டீர்கள். வாக்குப்படி இவர் தலை போக வேண்டும்."

"கோட்டைத் தலைவர் சொல்வது நியாயம்," என்றேன். "சோதனையால் யாருக்கும் எதுவும் குறையாது என்றால், மன்னருக்கும் எதுவும் குறையவில்லை, என் தலை இருக்கும். ஒருநாள் தயிர் உடைந்தது குறைதான் என்றால், நாற்பது நாள் உடைந்ததும் குறைதான். அப்போது தலை கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். பெரியவர். நான் முந்த மாட்டேன்."

சிங்கராயர் மெல்ல உட்கார்ந்தார். அரசர் கிண்ணத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிண்ணம் ஆடித் தயிர் மடியில் சிந்தும் வரை சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு வாசலிலும் ஒரே சட்டம் ஆயிற்று: காரணத்தை முகத்துக்கு நேரே சொல், பிறகு தொடு, தேவைக்கு மேல் தொடாதே. எனக்கு முத்துமாலை ஒன்று போட்டார்.

மாலையோடு நேரே கீழ வாசலுக்குப் போனேன். என் தலை கழுத்தின் மேலேயே இருப்பதற்குக் காரணமான இருவரும் அங்கே இருந்தார்கள். மாலையைச் சாத்தனுக்குப் போட்டேன். பொன்னாத்தாவிடம், சபையில் குதித்த கிறுக்கன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் சாமி. அன்னிக்கே துண்ட இழுத்து மூடினீங்களே," என்று ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் கொடுத்தாள். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் சாத்தனை மறுபடி கேட்டேன். "இத்தனை கூர்மையான கண் உனக்கு. நாற்பது நாளும் எதைப் பார்த்து இவளை நிறுத்தினாய்?"

இந்த முறை அவன் வானத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"எதையும் பாக்கலம்மா. பெரியவங்கள நிறுத்தினா என் வேலை போயிடும். உன்ன நிறுத்தினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதான் நிறுத்தினேன்."