அடுப்படிக்குக் கேட்காத காட்சி

அருணகிரி இருபத்தாறு வருடம் வானொலி நாடகம் எழுதியவர். ஐம்பத்து நான்காவது வயதில் அதை விட்டுவிட்டு, சாலிகிராமத்தில் தொலைக்காட்சித் தொடர் எழுதிக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியிடம் போய் நின்றார்.

"எனக்குத் திரைக்கதை கத்துக்குடுங்க மேடம்."

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சிஷ்யரின் நரையைப் பார்த்துச் சிரிக்காமல் சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தொடரின் இயக்குநர் அவ்வளவு தாராளமாக இல்லை. "மூணு சீன் தர்றேன். மூணும் தேறலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. அருணகிரிக்குப் பயம் வந்துவிட்டது. திரும்பிப் போக வானொலியும் இல்லை.

மூன்றாவது காட்சி இதுதான்: பதினோரு வருடம் பேச்சே இல்லாதிருந்த தங்கை, அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். மதியம் மூன்று மணிக்குப் படப்பிடிப்பு. அருணகிரி காலையிலேயே நான்கு பக்கம் எழுதி நீட்டினார். குரு உரக்கப் படித்தார்.

"'அண்ணா! வாசலில் நிற்பது உன் தங்கைதான். நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாயா? அடடா, அம்மா வாங்கிய அதே மேஜை!'"

படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இவங்க ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாதா?"

"நல்லாத் தெரியும் மேடம்."

"அப்புறம் எதுக்கு மேஜையை மேஜைன்னு சொல்லிக்கிறாங்க?"

அருணகிரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மேடம், என் வீட்டுக்காரி சீரியல் பார்க்கிறதில்ல, கேக்கிறா. அடுப்படியில தோசை சுட்டுக்கிட்டே கேக்கிறா. எல்லா வீட்லயும் அப்படித்தான். பேச்சு இல்லேன்னா என்ன நடக்குதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். குரு காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அருணகிரியும் தட்டில் சாதம் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார். குருவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய பை இருந்தது. கோபமாக இருக்கிறாரோ என்று தயங்கி நின்றார். குரு தலை நிமிரவில்லை. வலது கை சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்க, இடது கையால் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

அருணகிரி உட்கார்ந்தார்.

"உட்காருங்கன்னு நான் சொன்னேனா சார்?"

"இல்லையே."

"அப்புறம் எப்படி உட்கார்ந்தீங்க?"

"நீங்கதான் பையை எடுத்தீங்களே..."

பாதியில் வாய் நின்றுவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்!"

காதிலேயே விழவில்லை.

மூன்று மணிக்கு அவர் கொடுத்தது அரைப் பக்கம். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தங்கை வாசலில் வந்து நிற்கிறாள். அவன் பார்க்கிறான். ஒன்றும் பேசாமல், பக்கத்து நாற்காலியில் கிடந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைக்கிறான். அவள் நகரவில்லை. மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைக்கிறான். அவள் வந்து உட்கார்கிறாள். சாதம் போட்டுவிட்டு அவன் சொல்கிறான்: "குழம்புல உப்பு கம்மி. போட்டுக்கோ."

அவ்வளவுதான் வசனம்.

"மீதிப் பேப்பர் எங்க?" என்றார் இயக்குநர்.

"இவ்வளவுதான் சார்."

வசனத்தை எடுத்துக்கொடுக்கும் உதவி இயக்குநர், எடுத்துக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காட்சி ஓடியது. தட்டு நிமிர்ந்த சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

"இன்னொரு டேக் போவோமா?" என்றார் இயக்குநர்.

"எதுக்கு?" என்றார் ஒளிப்பதிவாளர்.

வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு அது ஒளிபரப்பானது. அருணகிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி தங்கபுஷ்பம் வழக்கம்போல அடுப்படியில் இருந்தாள். தங்கை வாசலில் வந்து நின்றாள். வீடு அமைதியானது.

"என்னங்க, டிவி நின்னு போச்சா?"

தங்கபுஷ்பம் தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அப்புறம் ஓரடி வந்தாள். தட்டு நிமிர்ந்தபோது அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தோசை தீயுது புஷ்பம்."

"தீயட்டும். சும்மா இருங்க."

வீடெல்லாம் கருகிய வாசனை. இருபத்தாறு வருடத்தில் இத்தனை சந்தோஷத்தை அருணகிரி அனுபவித்ததில்லை.

மறுநாள் காலை இயக்குநரே வீட்டு வாசலுக்கு வந்து, "அடுத்த வாரம் முழுக்க நீங்கதான் சார்" என்றார். அதைக் கேட்டுவிட்டு அருணகிரி குருவிடம் ஓடினார். தோசை கருகியதை முதலில் சொன்னார். வேலை கிடைத்ததைப் பிறகுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

"மேடம், அடுப்படியில இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்னு அன்னைக்குக் கேட்டேன். சத்தம் நின்னா அவளே எழுந்து வருவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மங்கையர்க்கரசி பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"சொல்லியிருந்தா நீங்களும் அதைக் கேட்டுக்கிட்டு அடுப்படியிலயே இருந்திருப்பீங்க சார்."