எவ்வளவு சத்தம்

ஸெனோவிய்க்கு ஐம்பத்திரண்டு வயது. உக்ரைனின் தெர்னோபில் நகரத்துக்காரர். பந்தூரா என்ற அறுபது தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து, யாராவது இருமினால்கூடத் திரும்பி முறைக்கிற சபைகளில் முப்பது வருடம் வாசித்தவர்.

அவர் போய் ஒரீசியாவின் ராக் குழுவில் சேர்ந்ததும் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரீசியாவுக்கு இருபத்தொன்பது வயது. டிரம்ஸ் வாசிப்பவள். நாட்டுப் பாடல்களை எலெக்ட்ரிக் கிட்டாரோடு சேர்த்து ஊரையே ஆட வைப்பவள். அவளை அவர் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாக. போகப் போகக் கேலி காணாமல் போயிற்று.

ஒரு கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

"குருவே, ஒரு பழைய பாட்டு எவ்வளவு சத்தம் தாங்கும்?"

"சனிக்கிழமை சந்தையில் வாசிக்கிறோமே, அங்கே பார்த்துவிடலாம்."

சந்தைத் திடலில் நல்ல வெயில். ஆப்பிள் கூடைகளுக்கு நடுவே ஆயிரம் பேர். அறுவடைப் பாட்டு தொடங்கி இரண்டு அடிகூடப் போகவில்லை, கரண்ட் போய்விட்டது. கிட்டார்கள் ஊமையாகின. மைக்கும் போயிற்று.

ஒரீசியா குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"இப்போது உங்கள் சபை, ஐயா. நடத்துங்கள்."

ஸெனோவிய்க்கு உள்ளூரச் சந்தோஷம். கண்ணை மூடினார். மெல்ல மீட்டிப் பாடினார்.

"கேட்கவில்லை!" ஆப்பிள் விற்கும் பெண் ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள்.

கொஞ்சம் அழுத்தி வாசித்தார்.

"இன்னும் கேட்கவில்லை! இப்படிப் பாடினால் அடுத்த வயலில் அறுக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்?"

திடல் முழுக்கச் சிரிப்பு. ஸெனோவிய்க்குக் காது சிவந்தது. விருட்டென்று நாற்காலிமேல் ஏறினார். பந்தூராவை மார்போடு அணைத்துத் தந்திகளை விளாசினார். தொண்டை கிழியப் பாடினார். ஜனங்கள் தரையை மிதித்துத் தாளம் போட்டார்கள். புழுதி கிளம்பியது. அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு தந்திகள் அறுந்து தொங்கின. மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"பார்த்தீர்களா! கரண்ட் இல்லாமலே ஒரு கை பார்த்துவிட்டேன். என் கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை, குருவே."

ஒரீசியா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டாம் சரணத்திலேயே கரண்ட் வந்துவிட்டது, ஐயா. டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் உங்களோடுதான் முழங்கின. ஏதாவது சத்தம் கேட்டதா உங்களுக்கு?"