அருவியில் விட்ட துணிகள்

தாணுமூர்த்தி உலகம் சுற்றியவர். நயாகராவின் சாரலில் நனைந்தவர். நார்வேயில் மலைகளுக்கு நடுவே கப்பலில் போனவர். நியூசிலாந்தில் அடியில் கிடக்கும் கல் தெரியும் ஏரியில் அள்ளிக் குடித்தவர். அறுபத்து மூன்று வயதில் கரடிப்பாறை அருவிக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான உலகம்மை என்ற துறவிக்குச் சீடரானார்.

தியானம் சொல்லித் தருவார் என்று நினைத்தார். கையில் கிடைத்ததோ கொக்கி கட்டிய மூங்கில் கழி.

அந்த அருவியில் குளித்தால் பீடை தொலையும் என்று ஊர் ஊராக வருவார்கள். உடுத்தி வந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் புதுத்துணி கட்டிக்கொண்டு போவார்கள். வேட்டி, சேலை, ஜீன்ஸ், பள்ளிச் சீருடை எல்லாம் மிதக்கும். குருவும் சீடரும் அவற்றை இழுத்துக் கரையில் போடுவார்கள். பாடம் அவ்வளவுதான்.

ஒருநாள் தாணு ஒரு சட்டையைக் கொக்கி போட்டு இழுத்தார். கனத்தது. சட்டையின் கைக்குள் கழுத்து மாட்டி ஓர் ஆமை செத்துக் கிடந்தது.

அவருக்கு ரத்தம் கொதித்தது. சற்று மேலே ஒரு மனிதர் துண்டைக் கட்டிக்கொண்டு, அவிழ்த்த லுங்கியை அப்போதுதான் தண்ணீரில் விட்டார். தாணு ஓடிப்போய் அதை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போம் வே!"

அந்த மனிதர் பதறிப் பின்வாங்கினார். "விட்ட பீடைய வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுதீரே, நீர் நல்லா இருப்பீரா?"

"ஒம்ம பீடை ஒரு ஆமையக் கொன்னுருக்கு!"

"ஆமை வீட்டுக்குள்ள வந்தாதான ஆகாது? இது ஆத்துலதான கெடக்கு."

சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வேன் ஏறிவிட்டார். என்ன மனிதர்கள்! லுங்கி தாணுவின் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அதை அங்கேயே எறிந்துவிட்டுக் குடிலுக்குப் போனார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, உலகம்மை இடுப்பளவு நீரில் ஒரு சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கெளம்புதேன், அம்மா."

"எங்க?"

"நியூசிலாந்துக்கு, மக வீட்டுக்கு. அங்க காட்டுக்குள்ள போறவன் செருப்பு மண்ணக்கூடத் தேச்சுக் கழுவிட்டுத்தான் போறான். இது அருவியா, அழுக்குக் கூடையா? இந்தச் சனத்துக்கு அருவி ஒரு கேடா? நீங்களும் ஒருத்தரையும் ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கீங்க. ஒங்களுக்குக் கோவமே வராதா?"

உலகம்மை சேலையை இழுத்துக் கரையில் அறைந்தார். தாணுவின் சட்டையெல்லாம் தண்ணீர் தெறித்தது. அந்த முகம் சிவந்து அவர் பார்த்தது அன்றுதான்.

"வருது. இப்ப உங்க மேல வருது."

"என் மேலயா? நான் என்ன செஞ்சேன்?"

"அவரு ஒரு லுங்கிய விட்டுட்டுப் போனாரு. நீங்க ஆத்தையே விட்டுட்டுப் போறீங்க. விட்டவங்க திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு இங்க ஒரு வழக்கம் உண்டு. பாக்காமப் போங்க."